ஒரே ராத்திரியில் பிஎச் 4-க்குக் கீழே போய்விட்டது; தானியங்கி டோசிங்கில் எங்கே கோட்டை விட்டேன்?

நாற்றுப்பெட்டி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மண் இல்லாமல் உரக்கரைசலில் செடி வளர்க்கிறேன் (ஹைட்ரோபோனிக்ஸ்). 200 லிட்டர் தொட்டி, அதிலிருந்து ஆறு என்எஃப்டி குழாய்கள் (வேரை நனைத்துக்கொண்டு கரைசல் மெல்லிய படலமாக ஓடுகிற வகை), முழுக்க லெட்யூஸ். எட்டு மாதமாகக் கையால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பேனா மீட்டரை முக்கி இசி (கரைசல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது, அதாவது உரத்தின் அடர்த்தி), பிஎச் (அமிலத்தன்மை) இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டு, குறைந்ததை ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சும்மா இருக்க முடியாமல் போன வாரம் எல்லாவற்றையும் தானியங்கியாக மாற்றினேன்.

இருப்பது இவ்வளவுதான்: ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி), அனலாக் பிஎச் மாட்யூல், அனலாக் இசி மாட்யூல், தண்ணீரின் வெப்பத்துக்கு டிஎஸ்18பி20, குழாயைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் மூன்று பெரிஸ்டால்டிக் பம்ப் (உரத்தின் இரண்டு பாகங்களான ஏ கரைசல், பி கரைசல், 5 சதவீதமாகக் கரைத்த பாஸ்பாரிக் ஆசிட்). பம்ப் நிமிடத்துக்கு 60 மில்லி தள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுக்கும். இசி 1.3-க்குக் கீழே போனால் ஏ, பி இரண்டும் 20 நொடி ஓடும், பிஎச் 6.2-ஐத் தாண்டினால் ஆசிட் 5 நொடி. எல்லாமே ஒரே பெட்டிக்குள், ஒரே அடாப்டரில், ஒயர் எதுவும் வெளியே தொங்காமல் அழகாக அடக்கிவிட்டேன் என்று பெருமை வேறு.

நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வேர் நுனி எல்லாம் பழுப்பு, இலை துவண்டு கிடக்கிறது. டிஸ்ப்ளேயில் பிஎச் 6.4. பேனா மீட்டரை முக்கினால் 3.7. ஒரு லிட்டர் ஆசிட் பாட்டிலில் பாதியைக் காணோம். பதிவைத் திறந்து பார்த்தால் ராத்திரி முழுக்க 6.3-க்கும் 6.5-க்கும் நடுவிலேயே காட்டியிருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பிஎச் புரோபைக் (தண்ணீருக்குள் இருக்கும் சென்சார்) கழுவி 4, 7 பஃபரில் (பிஎச் இவ்வளவுதான் என்று தெரிந்த சோதனைக் கரைசல்) வைத்தால் கச்சிதமாகக் காட்டுகிறது. திரும்பத் தொட்டியில் போட்டால் பொய் சொல்கிறது. கையிருப்பில் இருந்த புதுப் புரோபை மாட்டியும் அதே கதைதான். மாட்யூல் போய்விட்டதா? பிஐடி (பிழையின் அளவைப் பார்த்து டோஸைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு) போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா? இல்லை, பேசாமல் ரெடிமேட் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிவிடலாமா?

பழையமீட்டர்

"பஃபர் கோப்பையில் சரியாகக் காட்டுகிறது, தொட்டியில் பொய் சொல்கிறது." விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள் நண்பரே. புரோபும் நன்றாக இருக்கிறது, மாட்யூலும் நன்றாகவே இருக்கலாம். இது கிரவுண்ட் லூப்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாட்டாதவர்கள் குறைவு. பிஎச் புரோபின் கண்ணாடிக் குமிழுக்கு மின்தடை நூற்றுக்கணக்கான மெகா ஓம். அதிலிருந்து வருவது துளியூண்டு மின்னழுத்தம், 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். இசி புரோப் வேலை செய்வது நேர்மாறாக: அது தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்க்கிறது. இரண்டும் ஒரே தொட்டியில், இரண்டின் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பிப் போகும் பொது ஒயர்) ஒரே போர்டில் என்றால், இசி புரோப் விடுகிற மின்சாரத்தில் ஒரு பங்கு பிஎச் புரோபின் ரெஃபரன்ஸ் (ஒப்பீட்டு எலெக்ட்ரோடு) பக்கம் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். அந்தப் பாதையில் 160 மில்லிவோல்ட் கூடுதலாகச் சேர்ந்தால் போதும், உங்கள் 3.7 டிஸ்ப்ளேயில் 6.4 ஆகிவிடும். பஃபர் கோப்பைக்குள் இசி புரோப் இல்லை, அதனால் அங்கே பாதையும் இல்லை, பொய்யும் இல்லை.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் மக்கில் மொண்டு, பிஎச் புரோபை மட்டும் அதில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புரோபைத் தொட்டியில் போட்டு, இசி புரோபின் ஒயரைக் கையால் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கோடில் (புரோகிராமில்) இசியை நிறுத்தினால் மட்டும் போதாது, கிரவுண்ட் அப்போதும் சேர்ந்தேதான் இருக்கும். கடைசியாகத் தொட்டிக்குள் இருக்கும் பம்பின் பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை. சில சமயம் குற்றவாளி இசி புரோப் அல்ல, பம்பிலிருந்து கசிகிற மின்சாரம். அப்படி இருந்தால் அந்தப் பம்பை முதலில் மாற்றுங்கள், அது பிஎச்சை விட உங்கள் கைக்கு ஆபத்து.

தீர்வு இரண்டு. இரண்டில் ஒரு மாட்யூலுக்குத் தனிமைப்படுத்திய டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் கொடுத்து, அதன் சிக்னலையும் ஐசொலேட்டர் (நேரடி மின் இணைப்பு இல்லாமல் சிக்னலைக் கடத்தும் சில்லு) வழியாகவே எடுக்க வேண்டும். மின்சாரத்தை மட்டும் பிரித்து சிக்னல் ஒயரை நேராகக் கொண்டுவந்து சேர்த்தால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. மலிவான வழி, ரிலே (போர்டு இயக்குகிற சுவிட்ச்) வைத்து ஒரு நேரத்தில் ஒரு புரோப் மட்டும் இணைந்திருக்கும்படி செய்வது. பிஎச் எடுக்கும்போது இசி புரோபின் இரண்டு ஒயரும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

அப்படியே ஒன்று: ஈஎஸ்பி32-இன் சொந்த ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) நம்பி பிஎச் எடுக்காதீர்கள். நேர்கோடாக இருக்காது, வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலையும் செய்யாது. ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சில்லு ஒன்றைச் சேருங்கள்.

பிஐடி? பொய்யான அளவை வைத்துக்கொண்டு பிஐடி இன்னும் நேர்த்தியாக ஆசிட்டை ஊற்றியிருக்கும், அவ்வளவுதான்.

சொட்டுசொட்டாய்

பழையமீட்டர் சொன்னது சரி, ஆனால் உங்கள் புரோகிராமையும் சும்மா விட முடியாது. ராத்திரி முழுக்க நூறு தடவைக்குப் பக்கத்தில் ஆசிட் போயிருக்கிறது, பிஎச் அசையவே இல்லை. ஒரு மனிதன் கையால் ஊற்றிக்கொண்டிருந்தால் மூன்றாவது தடவையே "இதென்ன, ஊற்ற ஊற்ற அப்படியே இருக்கிறதே" என்று நின்றிருப்பான். அந்த ஒரு வரி உங்கள் கோடில் இல்லை. நான் வைத்திருப்பது இப்படி: தொடர்ந்து மூன்று டோஸ் கொடுத்தும் பிஎச் 0.1 கூட இறங்கவில்லை என்றால் ஆசிட் பம்ப் பூட்டிக்கொள்ளும், நான் வந்து பட்டனை அழுத்தும் வரை திறக்காது. அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு இவ்வளவு மில்லிதான் என்று தனியாக ஒரு உச்சவரம்பு. உங்கள் நோட்டில் எட்டு மாதக் கணக்கு இருக்கிறதே, கையால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு ஊற்றினீர்களோ அதில் ஒன்றரை மடங்கை வரம்பாக வையுங்கள்.

ஐந்து நிமிட இடைவெளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் யாரோ ஒருவரின் கோடிலிருந்து. உங்கள் தொட்டி கலக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தீர்களா? ஏ கரைசலை ஒரே ஒரு டோஸ் விட்டுவிட்டு பத்து நொடிக்கு ஒருமுறை இசியைப் பதிந்து பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் குபீரென்று ஏறும், அப்புறம் மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். நிற்க எடுத்த நேரம்தான் உங்கள் தொட்டியின் கணக்கு. என்னுடையதில் 12 நிமிடம். அதனால் ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 25 நிமிடம் விடுகிறேன். இந்தத் தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எந்தக் கட்டுப்பாடாக இருந்தாலும் எல்லையைத் தாண்டித்தான் போகும்.

பிஎச்சில் இன்னொரு வில்லங்கம், அது நேராக இறங்காது. தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும் வரை ஆசிட்டை அது விழுங்கிக்கொண்டே இருக்கும், எண் மெதுவாக அசையும். 5-க்குக் கீழே வரும்போது பைகார்பனேட் ஏறக்குறைய தீர்ந்துவிடும், அதன்பிறகு அதே 5 மில்லி சரசரவென்று இழுத்துக்கொண்டு போகும். உங்கள் தொட்டி ராத்திரி முழுக்க ஒரே வேகத்தில் இறங்கியிருக்காது, கடைசிக் கொஞ்ச நேரத்தில்தான் அடியோடு போயிருக்கும்.

அப்புறம் ஏ, பி இரண்டும் ஒரே நேரத்தில் 20 நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு குழாய் முனையும் பக்கத்துப் பக்கத்திலா இருக்கின்றன? ஏ-யில் கால்சியம் நைட்ரேட், பி-யில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் என்றால், அடர்த்தியாகச் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாகப் படியும், படிந்தது செடிக்கு இல்லை. தொட்டியின் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படலம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஏ விட்டு, கலந்து, அதற்குப் பிறகு பி. வரிசை: முதலில் தண்ணீர் மட்டம், அடுத்து இசி, கடைசியில் பிஎச். உரம் போட்டாலே பிஎச் கொஞ்சம் இறங்கும், முதலிலேயே ஆசிட் விட்டால் இரட்டிப்பாக இறங்கும்.

டோஸைக் கணக்குப் போட்டே கொடுக்கலாம், 20 நொடி என்று குருட்டாம்போக்கில் வேண்டாம். உதாரணத்துக்கு, லிட்டருக்கு ஏ 5 மில்லி, பி 5 மில்லி போட்டால் இசி 2.0 வரும் என்றால், 200 லிட்டரில் 0.3 ஏற்ற ஒவ்வொன்றிலும் 150 மில்லி வேண்டும், உங்கள் பம்பில் இரண்டரை நிமிடம். அதில் பாதியைக் கொடுத்து, காத்திருந்து, மறுபடி அளந்து மீதியைக் கொடுங்கள். பிஐடி எதுவும் தேவைப்படாது.

வேர்க்கால்

நான் சொல்ல வருவது எல்லாம் பெட்டிக்கு வெளியே. ஒருநாள் காலையில் என் தொட்டியில் இசி 4.6. கோடு சரி, புரோப் சரி, கிரவுண்ட் எல்லாம் தனித்தனி. என்னவென்றால் டிஎஸ்18பி20-இன் ஒயரை எலி கடித்திருக்கிறது. இணைப்பு அறுந்தால் அந்தச் சென்சாரைப் படிக்கிற லைப்ரரி (ரெடிமேட் புரோகிராம்) மைனஸ் 127 என்று கொடுக்கும். இசி அளவின் வெப்பச் சரிக்கட்டலில் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் என்று போட்டு வைத்திருந்தேன். மைனஸ் 127-ஐ அந்தச் சூத்திரத்தில் போட்டால் வகுக்கும் எண்ணே எதிர்மறையாகிவிடுகிறது, இசியும் எதிர்மறை. கன்ட்ரோலர் என்ன நினைத்திருக்கும்? "ஐயோ, உரமே இல்லை!" ஊற்று ஊற்று என்று ஊற்றியிருக்கிறது. அதே சென்சார் மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் 85 என்றும் சொல்லும், அப்போது இசி பாதிக்கும் கீழே தெரியும், அதற்கும் ஊற்றும். அன்றிலிருந்து தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழேயோ 40-க்கு மேலேயோ காட்டினால் எந்தப் பம்பும் ஓடக்கூடாது என்று வைத்துவிட்டேன். இசி, பிஎச் இரண்டுக்கும் இப்படி நடக்கவே முடியாத எல்லை ஒன்று வையுங்கள்.

ரிலே ஒட்டிக்கொள்ளும், இது எப்போதாவது ஒருநாள் நடந்தே தீரும். போர்டு தொங்கிப்போகும்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், வாட்ச்டாக் (போர்டு தொங்கினால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் காவல்) போடுங்கள். ஈஎஸ்பி32-இல் சில பின்கள் பூட் ஆகும்போதே ஒரு நொடி உயர்ந்துவிடும், அவற்றில் பம்பை மாட்டாதீர்கள். ஆனால் இவ்வளவையும் விட எனக்குத் தூக்கம் தருவது ஒரு சின்ன பாட்டில்தான். கையிருப்பு ஆசிட் முழுவதையும் பம்போடு இணைக்காதீர்கள் சார். 100 மில்லி பாட்டிலை மாட்டுங்கள், தீர்ந்தால் நிரப்புங்கள். ரிலே ஒட்டினாலும் கோடு பைத்தியம் பிடித்தாலும் தொட்டிக்குள் போகக்கூடியது அந்த 100 மில்லி மட்டும்தான்.

பாட்டில் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? பெரிஸ்டால்டிக் பம்பின் உள்ளே இருக்கும் சிலிக்கான் குழாய் தேய்ந்தால் பம்ப் நின்றிருக்கும்போதே சைஃபன் பிடித்து இறங்கும். பாட்டில் கீழே இருக்கட்டும், குழாய் முனை தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்கட்டும், சொட்டுவது கண்ணுக்கும் தெரியும்.

கைவைத்தியம்

யாரும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள், அதனால் நானே வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்: 200 லிட்டருக்குத் தானியங்கி டோசிங் தேவையே இல்லை. அளப்பது தானாக நடக்கட்டும், ஊற்றுவது கையால் இருக்கட்டும். அளவு எல்லையைத் தாண்டினால் போனுக்கு ஒரு செய்தி வந்தால் போதும். எட்டு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியதற்குக் காரணம் தினமும் காலையில் ஒரு ஆள் தொட்டிப் பக்கம் போனதுதான். தண்ணீரின் வாடை, வேரின் நிறம், குழாயின் அடைப்பு இதையெல்லாம் எந்த மாட்யூலும் சொல்லாது.

இசி என்ற ஒற்றை எண்ணை ரொம்பவும் நம்பாதீர்கள். அது தண்ணீரில் உள்ள உப்புகள் மொத்தமாக எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதை மட்டும்தான் சொல்லும், நைட்ரேட்டா சோடியமா என்று அதற்குத் தெரியாது. செடி பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் வேகமாக எடுத்துக்கொள்ளும், சோடியமும் குளோரைடும் தங்கிப்போய்க்கொண்டே இருக்கும். கன்ட்ரோலர் 1.4-லேயே அழகாக நிறுத்திக்கொண்டிருக்கும், ஆனால் அந்த 1.4-க்குள் உரம் எவ்வளவு, வேண்டாத உப்பு எவ்வளவு? தனித்தனி அயனியை அளக்கிற எலெக்ட்ரோடுகள் இருக்கின்றன, ஆனால் அவை காட்டும் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும், அடிக்கடி அளவு சரிசெய்ய வேண்டும், விலையும் அதிகம். சின்னத் தொட்டிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மொத்தமாக மாற்றிவிடுவதுதான் லாபம்.

பதிவுகளைப் படிக்கப் பழகுங்கள், அதில்தான் சரக்கு இருக்கிறது. தண்ணீர் மட்டம் குறைந்து இசி ஏறினால் செடி உரத்தை விடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, உங்கள் கரைசல் அடர்த்தி கூடுதல். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பசியாக இருக்கிறது. பிஎச் தினமும் கொஞ்சம் ஏறுவது நோய் இல்லை, வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது இயல்பாக நடப்பது. திடீரென்று ஏறுவது நின்று இறங்க ஆரம்பித்தால்தான் நான் வேரைத் தூக்கிப் பார்ப்பேன். இந்த ஏற்றத்தை ஆசிட் பம்ப் உடனுக்குடன் அமுக்கிக்கொண்டே இருந்தால் இந்தத் தகவலே உங்களுக்குக் கிடைக்காது.

சொட்டுசொட்டாய்

கைவைத்தியம் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு நாள் வெளியூர் போகிற ஆளுக்குப் போனில் வரும் செய்தியால் என்ன பயன்? அமுக்கிவிட்டால் தகவல் போய்விடும் என்பதும் சரியில்லை, நாளுக்கு எத்தனை மில்லி ஆசிட் போனது என்பதே அதே தகவல்தான். அதைப் பதிந்து வைத்தால் போதும்.

நாற்றுப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. கரைசலை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துவிட்டேன். வேர் எரிந்துபோன செடிகளை எடுத்துவிட்டேன், பாதிக்கு மேல் தேறிவிடும் போலத்தான் தெரிகிறது, புது வேர் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது.

மக் சோதனை செய்தேன். பேனா மீட்டர் 5.9. மக்கில் பிஎச் புரோப் 5.9. தொட்டியில், இசி ஒயரைக் கழற்றிவிட்டு, 5.9. இசி ஒயரை மாட்டிய உடனே எண் ஏற ஆரம்பித்து 8.4-இல் போய் நின்றது. பம்பின் பிளக்கைப் பிடுங்கியும் அசையவில்லை. ஆக, இசிதான்.

முதல் நான்கு நாள் ஏன் சரியாக இருந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன், நேற்று ராத்திரிதான் உறைத்தது. கேள்வியில் பெருமையாக எழுதினேனே, ஒரே பெட்டி, ஒரே அடாப்டர் என்று. அது முதலிலிருந்தே அப்படி இல்லை. ஆரம்பத்தில் இசி மாட்யூல் வேறொரு சின்ன போர்டில், தனி மொபைல் சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்தது, அளவை வைஃபையில் அனுப்பும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று நான்காம் நாள் சாயங்காலம்தான் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்கு மாற்றினேன். அன்று ராத்திரியே ஆட்டம் முடிந்தது.

தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்தேன். ஆமாம், வெள்ளைப் படலம் இருக்கிறது, குழாய் முனை இரண்டும் சேர்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே மட்டும்.

பழையமீட்டர்

அப்படியென்றால் எந்த ஐசொலேட்டரும் வாங்க வேண்டாம். அந்தப் பழைய சார்ஜரும் சின்ன போர்டும் இருக்கின்றன அல்லவா? வைஃபைதான் உங்கள் ஐசொலேட்டர். திரும்பப் பிரித்து மாட்டுங்கள், அசிங்கமாகவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று, இரண்டில் ஏதாவது ஒன்றைக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி மாட்டிக் கோடு ஏற்றும்போது கிரவுண்ட் வேறு வழியாகச் சேர்ந்துவிடலாம், அந்த நேரத்தில் வரும் அளவை நம்பி டோஸ் போகவிடாதீர்கள்.

நாற்றுப்பெட்டி

பிரித்து மாட்டிவிட்டேன். இரண்டும் தொட்டியில், 5.9-க்கு 5.9. மூன்று டோஸில் அசையவில்லை என்றால் பூட்டு, வெப்ப எல்லை, 25 நிமிட இடைவெளி எல்லாம் கோடில் ஏற்றியாயிற்று. ஆசிட்டுக்கு இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி மாட்டியிருக்கிறேன், சரியாக 100 மில்லி. லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கரில் பெரிதாக ஆசிட் என்று எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் எடுத்துக் குடித்துவிடக்கூடாது இல்லையா.